மழையில்லாமல் வந்த தண்ணீர்: ஒரு சப்வே பயத்தின் நிகழ்வு ஆய்வு

மதுரைப் பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ராத்திரியில் அலறினால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "எந்த எடத்துல பயந்துச்சு?" என்றுதான். எதைப் பார்த்துப் பயந்தது என்பதெல்லாம் அதற்கப்புறம். புளியமரத்தடியா, கிணற்று மேடா, சுடுகாட்டு வளைவா என்று இடத்தைத் தேடிப் பிடிப்பார்கள். பத்து வருடங்களுக்கு மேலாக இந்த ஊரில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது கீழே சொல்லப்போகும் மனிதரைப் பார்த்த பிறகுதான். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், வயது, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவர்

நாற்பதைத் தாண்டிய பூ வியாபாரி. மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்களில் தோட்டக்காரர்களிடம் சம்பங்கி, செவ்வந்தி, மரிக்கொழுந்து எடுத்து, எக்ஸெல் வண்டியில் சாக்கு சாக்காகக் கட்டி, விடிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் இறக்குவார். சீசனில் மல்லியும் உண்டு. ஒன்பது வருடமாக ஒரே பாதை. அந்தப் பாதையில் ஒரு ரயில்வே சப்வே இருக்கிறது.

ஒரு மார்ச் மாதம் அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய நவம்பரிலிருந்து அவர் அந்த சப்வேயில் இறங்கவில்லை. ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். பெட்ரோல் செலவைவிட நேரம்தான் அடி. முதல் வியாபாரம் முடிந்த பிறகு வந்து சேரும் பூவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பது பூக்காரர்களுக்குத் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் சுற்றிப் போயே காலத்தை ஓட்டியிருப்பார். பயம் நிற்கவில்லை. இரண்டாவது மாதம் ஊருக்குள் இருக்கும் இன்னொரு சப்வேயும் ஆகாமல் போனது. உறவினரைப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தரைக்குக் கீழே இருந்த வண்டி நிறுத்துமிடத்தில் இறங்க முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். என்னிடம் வந்த சமயத்தில், நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த மேம்பாலத்தின் அடியில் ஓட்டினாலே நெஞ்சு படபடத்தது.

அவருடைய அம்மா சும்மா இருக்கவில்லை. பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டுவிட்டார். பயந்த இடத்து மண்ணை எடுத்து வந்து மூன்று தடவை தலையைச் சுற்றிப் போட்டார். "அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேம்மா. ஆனா அந்தப் பக்கம் மட்டும் போக முடியல" என்றார். ஒரு மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை தந்திருந்தார். அதற்கும் அதே கதைதான்.

கெட்ட கனவு மாதம் ஒன்றிரண்டு வந்தது. மற்றபடி வேலை, பேச்சு, குடும்பம் எல்லாம் சரியாக இருந்தன. விபத்துக்குப் பிந்தைய மனவடு நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. ஓர் இடத்தில் பிடித்து, அதை ஒத்த இடங்களுக்குப் பரவிக்கொண்டிருந்த பயம் இது.

அந்த இரவு

மூன்றேகால் மணி. மூன்று நாளாகப் பெய்த மழை அன்று விட்டிருந்தது. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது என்று மூன்று தடவை சொன்னார். முதல் தடவை அதை நான் குறித்துக்கூட வைக்கவில்லை.

சப்வே விளக்கு எரியவில்லை. அது அவருக்குப் புதிதில்லை. வழக்கம்போல் ஒரு ஹாரன் அடித்துவிட்டு இறங்கினார். சரிவின் பாதியில் முன்சக்கரம் தண்ணீரில் அடித்தது, வண்டி நின்றது, சாய்ந்தது. சாக்குகள் ஒரு பக்கம் இழுத்தன. எழுந்து நின்றபோது இடுப்பளவு, கொஞ்ச நேரத்தில் நெஞ்சளவு. தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வந்துகொண்டே இருந்தது. சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் வண்டிக்காரர் ஒருவர் மேலிருந்து கயிறு போட்டுத் தூக்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியாது. சாக்கு அவிழ்ந்து மரிக்கொழுந்துக் கட்டுகள் அவரைச் சுற்றி மிதந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மழை பெய்யாதபோது தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேற்கே பெய்த மழையில் பக்கத்துக் கண்மாய் நிறைந்து, அன்று நள்ளிரவுக்கு மேல் உபரித் தண்ணீர் வழிந்து மறுகால் போயிருக்கிறது. மறுகால் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி சப்வேக்குள் இறங்கிவிட்டது. இது அவருக்கு மறுநாள்தான் தெரியும். கம்பியைப் பிடித்து நின்ற நேரத்தில், வானம் தெளிந்திருக்க, தரையிலிருந்து தண்ணீர் ஏறியது. எந்த முன்னறிவிப்பும் இல்லை.

இடத்தைப் பயம் பிடிக்கும் விதம்

இந்த இடத்தில் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஓர் எலியைப் பெட்டியில் விட்டு, ஓர் ஒலியை எழுப்பி, ஒலி முடியும்போது காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் அது இரண்டு பாடங்களைப் படிக்கிறது: ஒலிக்குப் பயப்படுவது, பெட்டிக்குப் பயப்படுவது. இரண்டும் மூளையில் ஒரே வழியாக நடப்பதில்லை என்பது 1992 இல் தெளிவானது. மைக்கேல் ஃபான்சலோவும் ஜீன்சாக் கிம்மும் செய்த பரிசோதனையில், பாடம் படித்த மறுநாளே, நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸைச் சேதப்படுத்திய எலிகள் பெட்டிக்கான பயத்தை இழந்தன. ஒலிக்கான பயம் அப்படியே இருந்தது. 28 நாள் கழித்துச் சேதப்படுத்தியபோது பெட்டிப் பயமும் நிலைத்துவிட்டிருந்தது. இடத்தின் நினைவு முதலில் ஹிப்போகேம்பஸை நம்பியிருக்கிறது, நாளாக ஆக வேறெங்கோ வேர்விடுகிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்கள். நம் பூ வியாபாரி என்னிடம் வந்தது நான்கு மாதம் கழித்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபான்சலோவின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் வியப்பு. எலியைப் பெட்டியில் விட்ட சில நொடிகளுக்குள்ளேயே அதிர்ச்சி கொடுத்துவிட்டால் அது பெட்டிக்குப் பயப்படக் கற்பதில்லை. இரண்டு மூன்று நிமிடம் உலாவவிட்டுப் பிறகு கொடுத்தால் மறுநாள் பெட்டியில் விட்டதுமே உறைந்து நிற்கிறது. வலி இரண்டிலும் ஒன்றுதான். சுவர், தரை, வாசனை, வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்து "இது இந்த இடம்" என்று மனம் முதலில் முடிந்துகொள்ள வேண்டும். அந்த முடிச்சில்தான் பயம் வந்து ஒட்டுகிறது. ஒன்பது வருடம் தினமும் கடந்த சப்வே என்றால் அந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருக்கும்!

மனிதரிடம் இதை ஆராய்வதில் பெரிய சிக்கல் இருந்தது. ஒருவரை ஆய்வுக்கூட நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவரை இடம் மாற்ற முடியாது. திரையின் நிறத்தை மாற்றினால் அது இடமாகிவிடாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது, கணினியில் கட்டிய இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டும் மெய்நிகர் (virtual reality) கருவிதான். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கிறிஸ்டியன் கிரில்லன் குழுவினர் 2004 இல் மெய்நிகர் இடங்களில் பயம் கற்பிப்பதை ஒரு ஆய்வு முறையாக முன்வைத்தார்கள். 2006 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுதான் இந்த நிகழ்வுக்கு நேராகப் பொருந்துவது.

மூன்று மெய்நிகர் அறைகள். ஒன்றில் அதிர்ச்சியே இல்லை. இரண்டாவதில் ஒரு வண்ண விளக்கு எரியும்போது மட்டும் அதிர்ச்சி வரும். மூன்றாவதில் விளக்குக்குச் சம்பந்தமில்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரும். திடீரென்று ஒரு பலத்த ஒலியை எழுப்பி, கண்ணிமைத் தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று அளந்தார்கள். உள்ளே பயம் இருந்தால் இமை பலமாக வெட்டும். விளக்கு எரியாத நேரத்திலும் இமை அதிகம் வெட்டியது மூன்றாவது அறையில்தான். பிறகு பணத்தை எடுத்து வரச் சொல்லி அறைகளுக்குள் தாங்களாகவே போகவிட்டபோது, ஆட்கள் அதிர்ச்சி இல்லாத அறையை நாடினார்கள், மூன்றாவது அறையைத் தவிர்த்தார்கள்.

ஆபத்துக்கு ஓர் அடையாளம் இருந்தால் பயம் அந்த அடையாளத்தோடு போய்விடுகிறது. அடையாளமே இல்லாவிட்டால் இடம் முழுவதுமே அடையாளமாகிவிடுகிறது.

சப்வேயைக் கட்டியது

என் அறையில் யாருக்கும் மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை. ஆய்வில் உடல்நலமுள்ளவர்கள் சம்மதித்து, தாங்கக்கூடிய அளவைத் தாங்களே முடிவு செய்து கலந்துகொள்கிறார்கள். என்னிடம் வருபவருக்கு வாழ்க்கை ஏற்கெனவே அதிர்ச்சி கொடுத்துவிட்டது. அவர் எதைக் கற்றுக்கொண்டார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. மெய்நிகர் சிகிச்சை புதியதும் இல்லை. உயரத்துக்குப் பயப்படுபவர்களிடம் அதைச் சோதித்து பார்பரா ரோத்பாம் குழு 1995 இலேயே வெளியிட்டது.

இரண்டு பொறியியல் மாணவர்கள் உதவினார்கள். அந்த சப்வேக்குப் பகலில் போய் அளந்தார்கள், படம் பிடித்தார்கள், ஒலி பதிந்தார்கள். யூனிட்டி மென்பொருளில் கட்டி, கண்களில் மாட்டும் ஒரு சாதாரண ஹெட்செட்டில் ஏற்றினார்கள். மூன்று வாரம் ஆனது.

முதல் நாள் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "நல்லாருக்கும்மா. ஆனா இது நம்ம சப்வே இல்ல."

ஏன் என்று கேட்டோம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு தலையை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தார். சுவர் வெறுமையாக இருந்தது. மாணவர்கள் சுத்தமாக இருக்கட்டும் என்று போஸ்டர்களை நீக்கியிருந்தார்கள். மதுரையில் போஸ்டர் இல்லாத சுவர் ஏது? இடது பக்கம் பாதி கிழிந்த ஒரு காதணி விழா போஸ்டர், அதற்கு மேல் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, அதற்கு நடுவே கசிவுத் தடம் கறுப்பாக இறங்கியிருக்கும். அதைச் சேர்த்தோம். கூரை இணைப்பிலிருந்து நீர் சொட்டும் ஒலியைச் சேர்த்தோம். ஹாரன் அடித்தால் எதிரொலி திரும்பி வரும்படி செய்தோம். அடுத்த வாரம் மாட்டியதும் அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தார். வலது கட்டைவிரல் ஹாரனைத் தேடியது. முடிச்சு விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒப்பிடுவதற்கு இன்னோர் இடமும் வைத்திருந்தோம்: ஒரு கண்மாய்க் கரை, திறந்த வெளி, பகல். ஹெட்செட் போட்டாலே சிலருக்குத் தலை சுற்றி, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அதைப் பயம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. கரையில் இருந்தபோது வந்த படபடப்பைக் கழித்த பிறகுதான் சப்வேயில் வந்ததைக் கணக்கில் எடுத்தேன்.

ரேட்டு

பதற்றத்தை 0 முதல் 100 வரை எண்ணால் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். அவருக்கு அது பிடிபடவில்லை. "அம்பதுன்னா என்னம்மா? பாதிப் பயமா?" என்றார். கொஞ்சம் யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். மல்லி ரேட்டு. சாதா நாளில் கிலோ முந்நூறு, அது நிம்மதி. பனிக்காலத்து முகூர்த்த நாளில் மூவாயிரத்தைத் தொடும். அந்த ராத்திரி மூவாயிரம். அதன்பிறகு எங்கள் குறிப்பேடு முழுக்க ரூபாய்தான். விரல்களில் மாட்டிய வியர்வை உணரியின் கோடும் பெரும்பாலும் அவர் சொன்ன விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது.

சப்வேயைத் துண்டு துண்டாக மாற்றிப் போட்டுக் காட்டினோம். நிஜ இடத்தில் இதைச் செய்யவே முடியாது. பகல், காய்ந்த தரை: தொள்ளாயிரம். இரவு, விளக்கு எரிகிறது: ஆயிரத்து நானூறு. தரையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது: இரண்டாயிரத்து அறுநூறு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

அடுத்து இரவு, வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே இன்னும் தண்ணீர் இல்லை. இரண்டாயிரத்தைத் தாண்டும் என்று நினைத்தேன். "ஆயிரத்து எரநூறு இருக்கும்" என்றார். மழையை நிறுத்தினோம். வானம் தெளிந்தது, நட்சத்திரம் தெரிந்தது, சொட்டும் ஒலி மட்டும். அவர் தோள் ஏறியது. மூச்சு மேலேயே நின்றது. "ரெண்டாயிரத்து நானூறு. நிப்பாட்டுங்கம்மா."

ஹெட்செட்டைக் கழற்றி, தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "அண்ணே, மழை பெய்யுறப்ப கொறவாச் சொன்னீங்களே?"

"மழ பேஞ்சா தண்ணி வரும்னு தெரியும்லம்மா. எறங்க மாட்டேன். மழ இல்லாமத்தான எனக்கு வந்துச்சு."

காட்டிய வரிசையால் அப்படி வந்திருக்கலாமோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த வாரம் வரிசையை மாற்றிப்போட்டுக் காட்டினோம். மறுபடியும் தெளிந்த வானம்தான் மழையைவிட அதிகம். ஒருவரிடம் கண்டதை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் கிரில்லனின் மூன்றாவது அறை என் கண் முன்னால் நின்றது போல் இருந்தது. மழை என்ற அடையாளம் அன்று இல்லை. அதனால் பயம் போய் ஒட்டிக்கொள்ள சப்வேதான் கிடைத்தது. சப்வேயில் எந்தத் துண்டு குற்றவாளி என்று தெரியாததால் தாழ்ந்த கூரை, சரிவான தரை, எதிரொலி எல்லாவற்றின் மேலும் ஏறி, ஆஸ்பத்திரிக் கீழ்த்தளம் வரை போயிருக்கிறது.

என் தவறு

இவ்வளவையும் புரிந்துகொண்ட பிறகும் நான் சறுக்கினேன்.

ஏப்ரலில் ஐந்து அமர்வுகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த வானத்து சப்வேயில் திரும்பத் திரும்ப இறக்கினேன், தண்ணீர் வராமல் வெளியே வரவைத்தேன். ரேட்டு ஒழுங்காக இறங்கியது. ஐந்தாவது அமர்வில் நானூறு. எனக்குச் சந்தோஷம், அவருக்குச் சந்தோஷம், வாசலில் காத்திருந்த மனைவிக்கு அதைவிட. அடுத்த படியை அடுத்த வாரம் பேசலாம் என்று அனுப்பினேன்.

அவர் காத்திருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மூன்றரை மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், சப்வே வாயில் போய் நின்றார். கை நடுங்கியது. வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். அப்போது அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்:

"ஒங்க ரூம்ல இருக்குற சப்வே எனக்குச் சரியாப்போச்சும்மா. ரோட்டுல இருக்குறது அப்படியேதான் இருக்கு."

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல பத்தாண்டு பரிசோதனைகளில் காட்டியது இதைத்தான். பயம் தணியும்போது அது அழிந்துவிடுவதில்லை. பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. பழைய பாடம் எங்கேயும் செல்லுபடியாகும். புதிய பாடம் அது படிக்கப்பட்ட இடத்தில்தான் செல்லுபடியாகும். ஒரு பெட்டியில் பயம் கற்ற எலிக்கு வேறு பெட்டியில் பயத்தைத் தணித்து, மறுபடி முதல் பெட்டியில் விட்டால் பயம் திரும்பி வருகிறது. தணிந்துபோன எதிர்வினை கொஞ்ச காலம் சும்மா விட்டாலே தானாகத் திரும்புவதை, நாய்களிடம் இப்படிப்பட்ட கற்றலை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவே பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் படித்திருந்தும் ஐந்து அமர்வையும் ஒரே அறையில், ஒரே நாற்காலியில், மாலை நாலு மணிக்கு, மின்விசிறி ஓட, நான் பக்கத்தில் இருக்க வைத்தேன். அவர் கற்ற பாடம் "டாக்டரம்மா ரூமில் சப்வே பயமில்லை" என்பதுதான். கருவியைக் கண்களில் மாட்டிவிட்டால் அறை மறைந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். மறையவில்லை. நாற்காலியில் அமர்ந்திருந்த உடம்புக்கு அறை தெரிந்துகொண்டே இருந்தது.

உடம்பைப் பற்றி இன்னொன்று. ஓர் எலி குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் மட்டும் துடிக்கும் நியூரான்கள் ஹிப்போகேம்பஸில் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971 இல் அறிவித்தார். 2014 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது அந்த வேலைக்காகத்தான். கலிஃபோர்னியாவில் மயங்க் மேத்தா குழுவினர் எலிகளை மெய்நிகர் உலகில் ஓடவிட்டுப் பார்த்தபோது, நிஜத் தளத்தில் துடித்திருக்க வேண்டிய நியூரான்களில் பாதிக்கு மேல் அடங்கிப்போயிருந்தன என்று 2013 இல் எழுதினார்கள். கண்ணுக்கு மட்டும் காட்டிய இடம் மூளைக்கு முழு இடம் ஆவதில்லை. வாசனை இல்லை, காற்று இல்லை, காலடியில் சரிவு இல்லை. மெய்நிகர் கருவியைப் பற்றி ஊடகங்களில் பெரிதாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மறுகால் சத்தம்

மே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் அவரிடம் போனோம். ஒரு நாள் அவர் வீட்டு மொட்டை மாடி. ஒரு நாள் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குப் பின்புறம், காலிச் சாக்குகளுக்கு நடுவே. இரண்டு நாள் அவர் கிளம்பும் நேரமான மூன்று மணிக்கே, அவர் வீட்டு வாசலில், சென்டர் ஸ்டாண்டு போட்ட எக்ஸெல் மேல் அவரை உட்காரவைத்து, மச்சினர் வண்டியைப் பிடித்துக்கொள்ள. அன்று முதல் ஓட்டத்திலேயே ரேட்டு ஆயிரத்து எண்ணூறுக்கு எகிறியது. என் அறையில் நானூறு என்று சொன்ன அதே சப்வே.

அதோடு சப்வேயின் கதையையும் மாற்றினோம். இதை நான் எந்தச் சிகிச்சைக் கையேட்டிலிருந்தும் எடுக்கவில்லை, இது என் சொந்த முடிவு. அந்த சப்வேக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாலை கண்மாய்க் கரையை ஒட்டிப் போகிறது. மறுகால் போனால் தண்ணீர் விழும் சத்தம் இரவில் நன்றாகக் கேட்கும். ஒன்பது வருடமும் அவர் அதைக் கடந்திருக்கிறார், சத்தத்துக்கும் சப்வேக்கும் உள்ள உறவை யோசித்ததில்லை. விபத்தன்றும் கேட்டிருக்கலாம், நினைவில்லை என்றார்.

மாணவர்கள் பாதையை நீட்டினார்கள். இப்போது ஓட்டம் கண்மாய்க் கரையிலிருந்து தொடங்கும். சில ஓட்டங்களில் மறுகால் சத்தம் கேட்கும். அப்போது சப்வேயில் கட்டாயம் தண்ணீர் இருக்கும். சத்தம் இல்லாவிட்டால் சப்வே கட்டாயம் காய்ந்திருக்கும். வானம் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். எந்த ஓட்டத்தில் எது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாவது அறையை இரண்டாவது அறையாக மாற்றப் பார்த்தேன். ஆபத்துக்கு விளக்கு ஒன்று பொருத்துவது.

பத்துப் பன்னிரண்டு ஓட்டத்துக்குப் பிறகு ரேட்டு இரண்டாகப் பிரிந்தது. சத்தம் கேட்டால் கரையிலேயே இரண்டாயிரம். வண்டியை நிறுத்தச் சொல்லுவார். சத்தம் இல்லையென்றால் கரையில் ஐந்நூறு, சப்வேக்குள் எழுநூறு. அதற்கு முன்னால் இப்படிப் பிரிந்ததே இல்லை. சப்வே என்றாலே ஒரே விலைதான்.

ஒரு நண்பர் இதைக் கேட்டுவிட்டு, சத்தத்தைக் கவனிக்கச் சொல்வது பயத்துக்குத் தீனி போடுவதாகாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாயத்தைத் தொட்டுக்கொண்டால்தான் இறங்குவேன் என்பதும், கண்மாய் மறுகால் போகிறதா என்று பார்த்து இறங்குவேன் என்பதும் ஒன்றில்லை. தண்ணீர் நிறைந்த சப்வே உண்மையிலேயே உயிரை எடுக்கும். அதில் துணிந்து இறங்கும் மனிதரை உருவாக்க நான் சம்பளம் வாங்கவில்லை.

ஜூனில் நிஜ சப்வே. முதலில் பகலில் மச்சினரோடு நடந்து. சுவரில் அந்தக் கம்பி இன்னும் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தொட வேண்டாம், பார்த்துக்கொண்டு மட்டும் நில்லுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. கையை நீட்டி, கம்பியைப் பிடித்து, கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு விட்டுவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிய துருவை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தார். காதணி விழா போஸ்டர் இருந்த இடத்தில் வேறு போஸ்டர் வந்திருந்தது. "இதை மாத்திட்டாங்களே" என்றார். அடுத்த வாரம் சாயங்காலம் வண்டியில். அதற்கடுத்து மச்சினர் பின்னால் இன்னொரு வண்டியில் வர, இரவில். ஜூன் கடைசியில் ஒரு நாள் அதிகாலை தனியாக. அன்று காலை ஆறு மணிக்கு போன் வந்தது. "எறங்கி ஏறிட்டேம்மா. எண்ணூறு." ஆஸ்பத்திரிக் கீழ்த்தளமும் மேம்பாலத்தடியும் தனியாக எதுவும் செய்யாமலே தணிந்துவிட்டன. ஊருக்குள் இருக்கும் இன்னொரு சப்வேயில் மட்டும் இரண்டு தடவை கூடவே போக வேண்டியிருந்தது.

நவம்பர்

பரீட்சை நவம்பர்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பயம் திரும்பி வந்தால் அப்போதுதான் வரும். அந்த வருடமும் கண்மாய் நிறைந்தது. கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் கேட்டுவிடுகிறார்: "மறுகா போகுதாண்ணே?" ஒரு வியாழக்கிழமை பெரியவர் போகவில்லை என்றார். ஆனால் மூன்று மணிக்குக் கரையில் வந்தபோது சத்தம் கேட்டது. வண்டியை அணைத்துவிட்டு நின்று கேட்டார். சந்தேகமில்லை. சுற்றுப்பாதையில் போனார். ரேட்டு என்ன என்று கேட்டேன். "அது ஏறத்தாம்மா செஞ்சுச்சு. ஏற வேண்டியதுதான" என்றார். பத்து நாள் கழித்துச் சத்தம் அடங்கியது, மறுபடி சப்வே வழியாகப் போக ஆரம்பித்தார். முதல் நாள் ஆயிரத்து நூறு, அந்த வாரக் கடைசியில் அறுநூறு.

டிசம்பரில் மனைவியோடு வந்தபோது, கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி ஒன்று சொன்னார். வீட்டில் சாமி படத்துக்குக் கட்டும் மாலையில் ஒரு வருடமாக மரிக்கொழுந்து வைக்க விடுவதில்லையாம். தோட்டக்காரர்கள் கொடுத்தாலும் வேண்டாம் என்று விடுகிறாராம். அவருக்கே அது தனியாகத் தோன்றியதில்லை. "அந்த வாசம் ஆகலம்மா, அவ்வளவுதான்" என்றார். நாங்கள் கட்டிய சப்வேயில் கண்ணும் காதும் இருந்தன, மூக்கு இல்லை. மூன்று மாதமும் மரிக்கொழுந்து எங்கள் கையில் சிக்காமலே இருந்திருக்கிறது.

தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது ஒரு கட்டு எடுத்து வருவதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.